ஜெர்மனிக்கு மாஸ்டர்ஸ் படிக்க வர்றீங்களா? முதல் மூணு மாசம் எதை எந்த வரிசையில முடிக்கணும்

அட்மிஷன் லெட்டர் வந்தாச்சு, விசாவும் கைக்கு வந்தாச்சு, இனி ஃப்ளைட் ஏற வேண்டியதுதான்னு இருக்குறவங்களுக்காக இதை எழுதுறேன். நான் படிக்கிறது டார்ட்மண்ட்ல. வந்த புதுசுல ஒரு பேப்பர் இல்லாததால அடுத்த பேப்பர் கிடைக்காம, அது கிடைக்காததால பிளாக்ட் அக்கவுண்ட்ல (விசாவுக்காக முன்கூட்டியே காசு போட்டு வைக்குற, மாசம் ஒரு தவணை மட்டும் வெளிய வர்ற கணக்கு) இருக்குற என் சொந்தக் காசையே எடுக்க முடியாம அலைஞ்ச அலைச்சல் கொஞ்சநஞ்சம் இல்ல. இங்க ஒவ்வொரு வேலையும் தனியா பார்த்தா ரொம்ப சுலபம், ஆனா ஒண்ணு முடிஞ்சாதான் அடுத்தது நகரும், அந்த வரிசை யாரும் நமக்கு சொல்றதில்ல. நடைமுறை ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும், வரிசை பெருசா மாறாது.

1. கிளம்பறதுக்கு முன்னாடி: ஃபைலும் பேரும்

டிகிரி, எல்லா செமஸ்டர் மார்க்‌ஷீட், ஏபிஎஸ் சர்டிபிகேட் (நம்ம படிப்புச் சான்றிதழ்களை ஜெர்மன் தரப்புல சரிபார்த்துத் தர்ற பேப்பர்), அட்மிஷன் லெட்டர், பிளாக்ட் அக்கவுண்ட் கன்ஃபர்மேஷன், இன்சூரன்ஸ் பேப்பர், பர்த் சர்டிபிகேட், ஐஇஎல்டிஎஸ் மாதிரி லாங்குவேஜ் ஸ்கோர், இதெல்லாம் ஒரிஜினலாவே ஹேண்ட் லக்கேஜ்ல வைங்க, செக்கின் பெட்டியில வேண்டவே வேண்டாம். கான்வகேஷன் இன்னும் நடக்கலைன்னா புரொவிஷனல் போதுமானு யுனிவர்சிட்டிக்கு மெயில் போட்டு, அவங்க அனுப்புற பதிலை பிரிண்ட் எடுத்து அந்த ஃபைல்லயே வச்சுக்கோங்க. வாய்ல "பரவால்ல" னு சொன்னது இங்க கணக்குல வராது, எழுத்துல இருந்தாதான் செல்லும்.

அடுத்தது பேர். நம்ம ஊர்ல நிறைய பேருக்கு பாஸ்போர்ட்ல சர்நேம் காலியாவே இருக்கும், இல்லன்னா அப்பா பேரு சர்நேமா இருக்கும், மார்க்‌ஷீட்ல பார்த்தா இனிஷியல் மட்டும் இருக்கும். இனிஷியல்னா என்னன்னே இங்க ஆபீஸ்ல இருக்குறவங்களுக்குத் தெரியாது. அதனால பாஸ்போர்ட்ல எப்படி இருக்கோ அதே எழுத்து, அதே வரிசைனு முடிவு பண்ணிட்டு யுனிவர்சிட்டி, இன்சூரன்ஸ், பேங்க், வீட்டு அக்ரிமெண்ட்னு எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி குடுங்க. ஒரு இடத்துல இனிஷியல், இன்னொரு இடத்துல முழுப்பேருனு ஆச்சுன்னா ரெண்டு பேப்பரும் ஒரே ஆளுக்குத்தான்னு நிரூபிக்கவே ஒரு மாசம் ஓடிடும்.

லக்கேஜ் பத்தி சுருக்கமா: குக்கர் கொண்டு வாங்க, ஆனா இண்டக்‌ஷன்ல வேலை செய்யுற அடிப்பாகமா பார்த்து வாங்குங்க. நம்ம மூணு பின் ப்ளக் இங்க சாக்கெட்ல நுழையாது, அடாப்டர் வேணும். நெய், பால்கோவா மாதிரி பால் அயிட்டம், கறி ஊறுகாய் எல்லாம் ஐரோப்பிய யூனியனுக்கு வெளியில இருந்து கொண்டு வரக் கூடாது, கஸ்டம்ஸ்ல பிடிச்சா தூக்கிப் போட்டுடுவாங்க, அம்மா ஆசையா செஞ்சு குடுத்தது குப்பைக்குப் போறதைப் பார்க்க மனசு தாங்காது. பச்சைக் கறிவேப்பிலையும் அப்படித்தான். மசாலாப் பொடி, பருப்புப் பொடி, வத்தல் கொண்டு வரலாம். அரிசியை சுமக்காதீங்க, டார்ட்மண்ட் மாதிரி ஊர்ல இலங்கைத் தமிழர் கடைகளே இருக்கு, பொன்னி அரிசில இருந்து முருங்கைக்காய் வரைக்கும் கிடைக்கும்.

2. ரூம்: வாடகைக்கு முன்னாடி கேக்க வேண்டிய கேள்வி

இந்த ஒரு விஷயத்தை மட்டும் படிச்சுட்டு மீதியை விட்டாலும் பரவால்ல. ஜெர்மனியில குடி வந்த ரெண்டு வாரத்துக்குள்ள உங்க அட்ரஸை நகராட்சி ஆபீஸ்ல பதிவு பண்ணணும், இதுக்குப் பேரு அன்மெல்டுங். அதுக்கு வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட ஒரு பக்க ஃபார்ம் வேணும், "இந்த ஆள் இந்தத் தேதியில இருந்து என் வீட்ல குடியிருக்கார்" னு அதுல இருக்கும். வாடகை அக்ரிமெண்ட் காட்டினா போதாது, அந்த ஃபார்ம்தான் வேணும். அது இல்லன்னா அன்மெல்டுங் இல்ல, அன்மெல்டுங் இல்லன்னா டாக்ஸ் நம்பர் இல்ல, ரெசிடென்ஸ் பர்மிட் இல்ல, நிறைய பேங்க்ல அக்கவுண்ட்டும் இல்ல.

எனக்கு முதல்ல கிடைச்ச ரூம்ல வீட்டுக்காரர் ஃபோன்ல "எல்லாம் தர்றேன்" னு சொன்னார், பூட்டு சாவி குடுத்த பிறகு கையெழுத்துப் போட முடியாதுன்னுட்டார். அவர் அந்த ரூமை உள்வாடகைக்கு விட்டிருந்தார், அசல் ஓனருக்கே நான் அங்க இருக்குறது தெரியாது. சட்டப்படி அந்த ஃபார்ம் தர வேண்டியது வீடு விடுறவரோட கடமைதான், ஆனா புது ஊர்ல மொழி தெரியாம யார்கிட்ட போய் சண்டை போடுறது, வேற வீடு தேடறதுதான் ஒரே வழியா இருந்துச்சு.

அதனால ரூம் பேசும்போது முதல் கேள்வியே இதுவா இருக்கட்டும்: "இஸ்ட் தீ அன்மெல்டுங் மோக்லிஷ்?", அதாவது இந்த அட்ரஸ்ல அன்மெல்டுங் பண்ண முடியுமா? பதிலை மெயில்லயோ மெசேஜ்லயோ வாங்கி வைங்க. "அன்மெல்டுங் இல்லாம" னு போட்டிருக்குற ரூம் எவ்வளவு மலிவா இருந்தாலும் தொடாதீங்க, ஒரு மாச தற்காலிக ரூம்னாலும் கேட்டுட்டுதான் போகணும்.

எங்க தேடறது? அட்மிஷன் வந்த அன்னைக்கே ஸ்டூடண்டன்வெர்க் (மாணவர் நலனுக்கான அமைப்பு) நடத்துற ஹாஸ்டலுக்கு அப்ளை பண்ணிடுங்க. வெயிட்டிங் லிஸ்ட் மாசக் கணக்குல போகும், ஆனா அப்ளை பண்ண விசா வர்ற வரைக்கும் காத்திருக்கத் தேவையில்ல. அதுதான் மலிவு, டார்ட்மண்ட் பக்கம் 300ல இருந்து 400 யூரோக்குள்ள முடியும். வெளியில ஷேரிங் வீடு, அதாவது வேகே, வேணும்னா வேகே-கெசூஹ்ட் சைட்ல பாருங்க. மியூனிக், ஃபிராங்க்ஃபர்ட் போறவங்க இதைவிட ரொம்ப அதிகமா எதிர்பாருங்க.

விளம்பரத்துல கால்ட்மீட்டன்னு இருந்தா வெறும் வாடகை, வார்ம்மீட்டன்னு இருந்தா ஹீட்டிங், தண்ணி எல்லாம் சேர்த்து. எப்பவும் வார்ம் எவ்வளவுனு கேளுங்க, அதுலயும் கரண்ட், இன்டர்நெட் சேர்ந்திருக்கான்னு தனியா கேளுங்க. அட்வான்ஸ் சட்டப்படி மூணு மாச கால்ட்மீட்டயைத் தாண்டக் கூடாது.

ஏமாத்து வேலை இங்கயும் நிறைய நடக்குது. படத்துல அரண்மனை மாதிரி ரூம், வாடகை பாதி, "நான் இப்போ லண்டன்ல இருக்கேன், அட்வான்ஸ் அனுப்புங்க, சாவியை கூரியர்ல அனுப்புறேன்" னு மெயில் வந்தா அது மோசடி, யோசிக்கவே வேண்டாம். நேர்ல பார்க்காம காசு அனுப்பாதீங்க. நீங்க ஊர்ல இருந்தா அந்த யுனிவர்சிட்டியில படிக்கிற சீனியர் யாரையாவது போய்ப் பார்க்கச் சொல்லுங்க. தமிழ்ப் பிள்ளைங்க குரூப் இல்லாத யுனிவர்சிட்டி இங்க குறைவு, கேட்டா கண்டிப்பா யாராவது போவாங்க.

3. கையில எவ்வளவு காசு

பிளாக்ட் அக்கவுண்ட்ல வருஷத்துக்கு 11,904 யூரோ போடணும், 2024 செப்டம்பர்ல இருந்து இந்தத் தொகை. அதுல இருந்து மாசம் 992 யூரோ உங்களுக்கு வரும். எல்லாரும் "அதான் காசு போட்டாச்சே" னு வெறுங்கையோட வந்துடறாங்க. அந்தக் காசு நீங்க இறங்கின அன்னைக்கு வராது, இங்க ஒரு சாதாரண பேங்க் அக்கவுண்ட் திறந்து, அதை அவங்களுக்குத் தெரியப்படுத்தி, அவங்க சரிபார்த்த பிறகுதான் முதல் தவணை வரும். சில வாரம் ஆகலாம்.

முதல் மாசச் செலவைப் பாருங்க: வாடகை 350, அட்வான்ஸ் 700ல இருந்து 1000, செமஸ்டர் கட்டணம் 300க்கு மேல, இன்சூரன்ஸ் 150 பக்கம், ரெசிடென்ஸ் பர்மிட் 100, அப்புறம் போர்வை, பாத்திரம், ஒரு குளிர் ஜாக்கெட். அதனால 2000 யூரோ வரைக்கும் தனியா ஃபாரெக்ஸ் கார்டுலயும் கொஞ்சம் நோட்டாவும் வச்சிருந்தா நிம்மதியா இருக்கலாம். எஜுகேஷன் லோன் எடுத்தவங்க இந்தத் தொகையையும் சேர்த்தே பேங்க்ல பேசிடுங்க, கிளம்புற வாரத்துல போய் நின்னா நடக்காது.

செமஸ்டர் கட்டணத்தை ஊர்ல இருந்தே அனுப்பறதா இருந்தா ரெண்டு கவனம். நடுவுல இருக்குற பேங்க் கமிஷன் பிடிச்சு பத்து இருபது யூரோ குறைவா போய்ச் சேர்ந்தா யுனிவர்சிட்டி கட்டலைன்னுதான் எடுத்துக்கும், எல்லா சார்ஜும் அனுப்புறவர் தலையில விழற மாதிரி அனுப்பச் சொல்லுங்க. அவங்க குடுத்த ரெஃபரன்ஸ் நம்பரை ஒரு எழுத்து மாறாம போடுங்க.

4. இன்சூரன்ஸ்: மலிவைப் பார்த்து கையெழுத்துப் போடாதீங்க

30 வயசுக்குக் கீழ இருந்தா பப்ளிக் ஹெல்த் இன்சூரன்ஸ்ல ஸ்டூடண்ட் ரேட் கிடைக்கும். டிகே, ஏஓகே, பார்மர்னு பல கம்பெனி, எல்லாத்துலயும் அடிப்படை ஒண்ணுதான், மாசம் 150 யூரோ பக்கம் வரும். இது கூடுதலா தெரியுதேன்னு 40, 50 யூரோக்கு பிரைவேட் எடுக்கச் சொல்லி நிறைய பேர் வருவாங்க. எடுத்து, பப்ளிக் வேண்டாம்னு விலக்கு வாங்கிட்டீங்கன்னா படிப்பு முடியுற வரைக்கும் பப்ளிக்குக்கு திரும்ப முடியாது. இங்க ஒரு ஆஸ்பத்திரி அட்மிஷன் பில் எவ்வளவு வரும்னு தெரிஞ்சா 100 யூரோ மிச்சம் பண்ணத் தோணாது. 30 தாண்டினவங்களுக்கு ஸ்டூடண்ட் ரேட் கிடையாது, அவங்க கிளம்பறதுக்கு முன்னாடியே கம்பெனிகிட்ட பேசி என்ன வழினு தெரிஞ்சுக்கோங்க.

பப்ளிக் இன்சூரன்ஸ் செமஸ்டர் ஆரம்பத்துலதான், அதாவது பெரும்பாலும் அக்டோபர் 1ல இருந்துதான் ஓடும். செப்டம்பர்லயே வர்றவங்க அந்த இடைவெளிக்கு டிராவல் இன்சூரன்ஸ் எடுத்திருக்கணும். இன்னொண்ணு, இன்சூரன்ஸ் கம்பெனி உங்க யுனிவர்சிட்டிக்கு நேரா ஆன்லைன்ல ஒரு தகவல் அனுப்பணும், எம்10னு சொல்வாங்க. நீங்க பேப்பரை கொண்டு போய் குடுக்குறது இல்ல. "எம்10 அனுப்பிட்டீங்களா" னு கம்பெனிகிட்ட கேட்டு உறுதி பண்ணுங்க, என்ரோல்மெண்ட் தள்ளிப் போறதுக்கு பாதி நேரம் இதுதான் காரணம்.

5. இறங்கின முதல் சில நாள்

ஃபிராங்க்ஃபர்ட்ல இறங்குறவங்க டிரெயின் டிக்கெட்டை முன்கூட்டியே ஆன்லைன்ல போட்டா விலை பாதியாகும், ஆனா மலிவு டிக்கெட் அந்த ஒரு வண்டிக்கு மட்டும்தான் செல்லும், ஃப்ளைட் லேட்டானா போச்சு. அதனால நடுவுல மூணு நாலு மணி நேரமாவது விட்டுப் போடுங்க.

ஸ்டூடண்ட்டுகளுக்கான பயண பாஸ், அதாவது செமஸ்டர் டிக்கெட், அக்டோபர்லதான் ஆரம்பிக்கும். அதுவரைக்கும் டாய்ச்லாண்ட் டிக்கெட் எடுக்கலாம், 2026 ஜனவரியில இருந்து மாசம் 63 யூரோ, பஸ், டிராம், மெட்ரோ, ரீஜனல் டிரெயின் எல்லாம் நாடு முழுக்கப் போகலாம், ஐசிஇ, ஐசி மாதிரி தொலைதூர வேக வண்டியில செல்லாது. இது மாசா மாசம் தானா ரினியூ ஆகுற சப்ஸ்கிரிப்ஷன், அந்த மாசத்தோட நிறுத்தணும்னா 10ஆம் தேதிக்குள்ள கேன்சல் பண்ணணும். டிக்கெட் இல்லாம ஏறாதீங்க, செக்கர் சாதா டிரஸ்ல வருவார், 60 யூரோ அபராதம், "புதுசு, தெரியாது" னு சொன்னா விடமாட்டாங்க.

ஞாயித்துக்கிழமை கடை எல்லாம் மூடியிருக்கும். சனி ராத்திரி வந்து இறங்குறீங்கன்னா ஒரு நாளைக்கு சாப்பாடு பையில இருக்கட்டும், பெரிய ஸ்டேஷன்ல இருக்குற கடை மட்டும்தான் திறந்திருக்கும், விலையும் கூட.

6. அன்மெல்டுங்

அப்பாயிண்ட்மெண்ட்டை ஊர்ல இருக்கும்போதே ஆன்லைன்ல போடப் பாருங்க. செப்டம்பர், அக்டோபர்ல எல்லா ஸ்டூடண்ட்டும் ஒரே நேரத்துல வர்றதால இடம் கிடைக்காது. காலையில சீக்கிரம் சைட்டைத் திறந்தா கேன்சல் ஆன ஸ்லாட் கிடைக்கும். ஊருக்குள்ள நிறைய கிளை ஆபீஸ் இருக்கும், பக்கத்துல இருக்குறதுலதான் போகணும்னு இல்ல. ரெண்டு வாரம் தாண்டிதான் தேதி கிடைச்சா பயப்படாதீங்க, புக் பண்ணின மெயிலை வச்சிருங்க.

கொண்டு போக வேண்டியது பாஸ்போர்ட், வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட ஃபார்ம், பதிவு ஃபார்ம். பதிவுக்குக் காசு கிடையாது. அந்த ஃபார்ம்ல மதம்னு ஒரு கட்டம் இருக்கும், கிறிஸ்தவ நண்பர்கள் இதைக் கவனமா படிங்க: அங்க கத்தோலிக்கம், ப்ராட்டஸ்டண்ட்னு எழுதினா நீங்க வேலைக்குப் போய் வருமான வரி கட்டும்போது அந்த வரியில 9 சதவீதம் சர்ச் டாக்ஸா கூடப் பிடிப்பாங்க, பவேரியா மாதிரி ஒண்ணு ரெண்டு மாநிலத்துல 8. கட்டணும்னு மனசு இருந்தா தாராளமா எழுதுங்க, அது உங்க விருப்பம், ஆனா தெரியாம எழுதிட்டு அப்புறம் விலகறதுக்குத் தனியா அலையணும்.

அன்னைக்கே வீட்டு வாசல்ல இருக்குற தபால் பெட்டியில உங்க பேரை ஒட்டுங்க. இங்க தபால்காரர் கதவு நம்பரைப் பார்க்க மாட்டார், பேரைத்தான் பார்ப்பார், பேர் இல்லன்னா லெட்டர் திரும்பிப் போயிடும். டாக்ஸ் நம்பர், பேங்க் கார்டு, பின் நம்பர், இன்சூரன்ஸ் கார்டு எல்லாமே தபால்லதான் வரும். என்கூட படிக்கிற ஒருத்தருக்கு பின் லெட்டர் மட்டும் ரெண்டு தடவை திரும்பிப் போச்சு, காரணம் பெட்டியில பழைய ஆள் பேரே இருந்ததுதான்.

பதிவு ஆனதும் ரேடியோ டிவி கட்டணம்னு ஒரு லெட்டர் வரும், டிவி இல்லன்னாலும் கட்டணும், மாசம் 18.36 யூரோ. இது ஆளுக்கு இல்ல, வீட்டுக்கு. ஷேரிங் வீட்ல ஒருத்தர் ஏற்கெனவே கட்டுறார்னா அவரோட நம்பரைக் குறிச்சு பதில் போட்டுட்டு காசைப் பங்கு போட்டுக்கலாம். லெட்டரை கண்டுக்காம விட்டா பாக்கி ஏறி வசூல் நோட்டீஸ் வரைக்கும் போகும். வீடு மாறினா மறுபடி ரெண்டு வாரத்துக்குள்ள புது அட்ரஸைப் பதிவு பண்ணணும்.

7. பேங்க், என்ரோல்மெண்ட்

அன்மெல்டுங் பேப்பர் கையில இருந்தா இது ரெண்டும் சீக்கிரம் முடியும். பேங்க் அக்கவுண்ட்டுக்கு மாசக் கட்டணம் உண்டானு கேட்டுக்கோங்க, ஸ்டூடண்ட்னா பெரும்பாலும் இலவசம். ஐபிஏஎன் நம்பர் (உங்க பேங்க் அக்கவுண்ட் நம்பர்) வந்ததும் பிளாக்ட் அக்கவுண்ட் கம்பெனி ஆப்ல அதைப் போட்டு, கேக்குற பேப்பரை அப்லோட் பண்ணிடுங்க. யுனிவர்சிட்டியில என்ரோல்மெண்ட் முடிஞ்சதும் கிடைக்குற சர்டிபிகேட்டை நிறைய காப்பி எடுத்து வைங்க, அடுத்த எல்லா இடத்துலயும் அதைத்தான் கேப்பாங்க.

8. ரெசிடென்ஸ் பர்மிட்

உங்க என்ட்ரி விசா சில மாசத்துக்குத்தான் இருக்கும். அது முடியறதுக்கு முன்னாடி ஃபாரினர்ஸ் ஆபீஸ்ல பர்மிட்டுக்கு அப்ளை பண்ணணும். வந்த மாசமே பண்ணிடுங்க, ஏன்னா பதில் வரவே ரொம்ப நாள் ஆகும், பல ஊர்ல ஃபோனும் எடுக்க மாட்டாங்க. பாஸ்போர்ட், அன்மெல்டுங் பேப்பர், என்ரோல்மெண்ட், இன்சூரன்ஸ், பிளாக்ட் அக்கவுண்ட், வாடகை அக்ரிமெண்ட், 100 யூரோ வரைக்கும் கட்டணம். போட்டோவை ஊர்ல பிரிண்ட் போட்டு கட்டுக்கட்டா கொண்டு வராதீங்க, 2025 மே மாசத்துல இருந்து டிஜிட்டல் போட்டோதான் முறை, இங்க அங்கீகாரம் உள்ள ஸ்டூடியோலயோ ஆபீஸ் மெஷின்லயோ எடுக்கணும்.

முக்கியம், விசா முடியறதுக்குள்ள அப்ளை பண்ணியாச்சுன்னா முடிவு வர்ற வரைக்கும் நீங்க இங்க இருக்குறது சட்டப்படி சரிதான், அதுக்கு அத்தாட்சியா ஃபிக்சியோன்ஸ்பெஷைனிகுங்னு ஒரு பேப்பர் தருவாங்க. அதை வச்சுக்கிட்டு ஊருக்குப் போயிட்டு வரலாமானுதான் எல்லாரும் கேக்குறாங்க. அதுல எந்தப் பிரிவுல டிக் ஆகியிருக்குனு பாருங்க. குடியிருப்புச் சட்டத்தோட 81ஆம் பிரிவு, 4ஆம் உட்பிரிவுன்னா போயிட்டுத் திரும்பலாம். 3ஆம் உட்பிரிவுன்னா அதை வச்சு மறுபடி நாட்டுக்குள்ள வர முடியாது, பொங்கலுக்கு டிக்கெட் போட்டிருந்தாலும் கேன்சல் பண்ணிடுங்க. அப்ளை பண்ணினதுக்கு ஆதாரமா மெயில், ஆன்லைன் ஃபார்ம் ரசீது எல்லாத்தையும் பிடிஎஃப்ல சேமிச்சு வைங்க.

9. பார்ட் டைம் வேலை

2024 மார்ச்ல இருந்து வருஷத்துக்கு 140 முழு நாள் இல்லன்னா 280 அரை நாள் வேலை பார்க்கலாம். வகுப்பு நடக்குற மாசங்கள்ல வாரம் 20 மணி நேரத்தைத் தாண்டாதீங்க, தாண்டினா ஸ்டூடண்ட் இன்சூரன்ஸ் ரேட்டே போயிடும். யுனிவர்சிட்டிக்குள்ள ஹிவி வேலை, அதாவது ப்ரொஃபஸருக்கு ஸ்டூடண்ட் அசிஸ்டெண்ட் வேலை, கிடைச்சா அது இந்த நாள் கணக்குல வராது, அதனால ப்ரொஃபஸர் பேஜை அடிக்கடி பாருங்க. 2026 ஜனவரியில இருந்து குறைஞ்சபட்ச சம்பளம் மணிக்கு 13.90 யூரோ, அதுக்குக் கீழ குடுத்தா ஒத்துக்காதீங்க, நம்ம ஊர்க்காரர் ஹோட்டலா இருந்தாலும் சரி. கான்ட்ராக்ட் இல்லாம கையில காசு தர்ற வேலை வேண்டவே வேண்டாம், மாட்டினா ஆபத்து உங்க பர்மிட்டுக்கு. ஃப்ரீலான்ஸ், சொந்தத் தொழில் கணக்குல வர்ற டெலிவரி வேலையும் தனி அனுமதி இல்லாம பண்ணக் கூடாது, எம்ப்ளாயியா சேர்த்துக்கிட்டா மட்டும் சரி.

முதல் செமஸ்டர் வேலைக்கு அலைய வேண்டாம்னுதான் நான் சொல்லுவேன். லோன் வட்டி மனசை அரிக்கும், எனக்கும் தெரியும், ஆனா டிசம்பர்ல நாலரை மணிக்கே இருட்டிடும், மொழி தெரியாத ஊர்ல அந்தக் குளிர்ல வேலை, கிளாஸ் ரெண்டையும் இழுக்குறது உடம்பையும் மனசையும் சேர்த்து வாட்டும். தனிமையா இருந்தா டார்ட்மண்ட் பக்கம் இருக்குறவங்க ஒரு ஞாயித்துக்கிழமை ஹாம் நகரத்துல இருக்குற காமாட்சி அம்மன் கோயிலுக்குப் போயிட்டு வாங்க, இலங்கைத் தமிழர்கள் கட்டின கோயில், ரீஜனல் டிரெயினும் பஸ்ஸும்தான், செமஸ்டர் டிக்கெட்லயே போகலாம். தமிழ்ல நாலு வார்த்தை காதுல விழுந்தாலே பெரிய தெம்பு.

10. எக்ஸாமுக்குத் தனியா ரெஜிஸ்டர் பண்ணணும்

கோர்ஸ்ல சேர்ந்தாச்சு, கிளாஸுக்கும் போறோம், ஹால் டிக்கெட் தானா வரும்னு நினைச்சுடாதீங்க. ஒவ்வொரு பேப்பருக்கும் போர்ட்டல்ல தனியா ரெஜிஸ்டர் பண்ணணும், அதுக்குக் கடைசித் தேதி பல டிபார்ட்மெண்ட்ல எக்ஸாமுக்கு ரொம்ப முன்னாடியே முடிஞ்சிடும். விலகுறதுக்கும் ஒரு கடைசித் தேதி இருக்கும், படிக்க முடியலைன்னா அதுக்குள்ள விலகிடுங்க, ரெஜிஸ்டர் பண்ணிட்டு போகாம இருந்தா ஃபெயில்தான். நம்ம ஊர் அரியர் மாதிரி எத்தனை தடவை வேணும்னாலும் எழுத முடியாது, பெரும்பாலான யுனிவர்சிட்டியில மூணு தடவைதான், கட்டாயப் பேப்பர்ல மூணாவது தடவையும் போச்சுன்னா அந்தப் படிப்பையே தொடர முடியாம போகலாம். மார்க்கும் தலைகீழ், 1.0தான் உச்சம், 4.0 பாஸ், 5.0 ஃபெயில். உங்க கோர்ஸோட எக்ஸாம் விதிமுறை பிடிஎஃப் ஒண்ணு டிபார்ட்மெண்ட் சைட்ல இருக்கும், பல இடத்துல ஜெர்மன்ல மட்டும்தான் இருக்கும், டிரான்ஸ்லேட் போட்டாவது முதல் மாசத்துலயே படிச்சுட்டு தேதிகளை காலண்டர்ல ஏத்திடுங்க.